ஐ.எம்.எஃப். அறிக்கையை நாமே படிப்பது எப்படி?

2022 மார்ச் மாதம் இலங்கையின் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லை, காகிதத்தை இறக்குமதி செய்ய டாலர் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். அதே மாதத்தில்தான், அந்நாட்டின் பொதுக் கடன் தாங்க முடியாத அளவை எட்டிவிட்டது என்று சொல்லும் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) அறிக்கை வெளியானது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிப் படித்திருக்கலாம். சில வாரங்களில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது.

இப்படிப்பட்ட அறிக்கை இலங்கைக்கு மட்டும் எழுதப்படுவதில்லை. இந்தியாவுக்கு உண்டு, மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உண்டு, அமெரிக்காவுக்கும் உண்டு. நம் வரியையும் விலைவாசியையும் பற்றிய எழுத்து அது. ஆனால் செய்தித்தாளில் நான்கு பத்தியாகச் சுருங்கித்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. அதை நேரடியாகப் படிக்க முடியும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. சதவீதக் கணக்கு தெரிந்தால் போதும். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும்.

எந்த அறிக்கையைத் தேடுவது

ஐ.எம்.எஃப். என்றதும் கடன்தான் நினைவுக்கு வரும். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் நடந்த மாநாட்டில் உருவான இந்த அமைப்புக்கு அதைவிட விரிந்த வேலை ஒன்று இருக்கிறது. இன்று 191 நாடுகள் இதில் உறுப்பினர்கள். கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒவ்வோர் உறுப்பு நாட்டின் பொருளாதாரத்தையும் நிதியம் கண்காணிக்க வேண்டும், அதற்கு அந்த நாடு இடம் கொடுக்க வேண்டும். நிதியத்தின் ஒப்பந்தத்தில் நான்காவது பிரிவு இதைச் சொல்கிறது. நிலையான செலாவணி விகிதங்களின் காலம் முடிந்தபின், 1978-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இந்தப் பிரிவு இன்றைய வடிவம் பெற்றது. ஆகவேதான் இந்த ஆய்வுக்கு ‘ஆர்ட்டிக்கிள் ஃபோர் கன்சல்டேஷன்’ என்று பெயர். 1993-க்குப் பிறகு நிதியத்திடம் கடன் வாங்காத இந்தியாவுக்கும் இந்த ஆய்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நிதியத்தின் இணையதளத்தில் நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டியல் வரும். புதியவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான், ஏனென்றால் ஒரே ஆய்வுக்கு மூன்று விதமான எழுத்துகள் வெளிவருகின்றன. நிதியத்தின் குழு நாட்டுக்கு வந்து, நிதி அமைச்சகத்தையும் மத்திய வங்கியையும் சந்தித்து, பெரும்பாலும் தொழில் துறையினரையும் தொழிற்சங்கத்தினரையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு சுருக்கமான முடிவுரையைத் தரும். பிறகு வாஷிங்டனில், உறுப்பு நாடுகளின் சார்பில் இயக்குநர்கள் அமரும் நிர்வாகக் குழு கூடி விவாதித்ததும் ஒரு செய்திக் குறிப்பு வரும். கடைசியாக வருவது முழு அறிக்கை. அதற்கு ‘கன்ட்ரி ரிப்போர்ட்’ என்று பெயர், பெரும்பாலும் நூறு பக்கங்களுக்கு அக்கம்பக்கம் இருக்கும். நமக்கு வேண்டியது இதுதான். கடன் திட்டத்தில் இருக்கும் நாடுகளுக்குத் தவணைதோறும் ‘ரிவ்யூ’ அறிக்கையும் வரும். அது வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பது. தலைப்பைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

இந்த மூன்றுக்கும் இடையே காலம் ஓடிக்கொண்டிருக்கும். இலங்கைக்குக் குழு வந்தது 2021 டிசம்பரில். நிர்வாகக் குழு கூடியது 2022 பிப்ரவரி 25-இல். செய்திக் குறிப்பு மார்ச் தொடக்கத்தில் வந்தது, முழு அறிக்கை மார்ச் இறுதியில்தான் கைக்குக் கிடைத்தது. குழு வந்துபோனபின் மூன்று மாதத்தில் ஒரு நாடு எவ்வளவு மாறிவிடும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. எனவே அறிக்கையைத் திறந்ததும் முதல் வேலையாக, அதில் உள்ள புள்ளிவிவரங்கள் எந்தத் தேதி வரைக்குமானவை என்று தேடி ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியான தேதியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

வெளியிடுவதற்கு அந்த நாட்டு அரசின் சம்மதம் வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சந்தையைக் கலக்கக்கூடிய வாசகங்களை நீக்கச் சொல்லி அரசு கேட்கலாம். அறிக்கை வரவே இல்லை என்றாலோ பல மாதம் தாமதமானாலோ அதுவும் ஒரு செய்திதான். அர்ஜென்டினாவுக்கு 2006 முதல் 2016 வரை இந்த ஆய்வே நடக்கவில்லை. இடையில், 2013 பிப்ரவரியில், பணவீக்கப் புள்ளிவிவரங்களைச் சரிசெய்யவில்லை என்பதற்காக நிதியம் அந்நாட்டின்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முன் எந்த நாட்டின்மீதும் இந்தக் காரணத்துக்காக அப்படிச் செய்ததில்லை.

முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம்

முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் படித்தால் பத்தாம் பக்கத்தில் சலிப்பு வந்துவிடும். நான் பழகிக்கொண்ட வரிசை வேறு. முதலில் ‘ஸ்டாஃப் அப்ரைசல்’ என்ற பகுதி. அறிக்கையின் உரைப்பகுதி முடிகிற இடத்தில் இருக்கும், இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. நிதியத்தின் அலுவலர்கள் சொல்ல வந்தது முழுவதும் அங்கே இருக்கிறது. இலங்கை அறிக்கையில் அந்தப் பகுதியைப் படித்திருந்தால் வருமான வரியையும் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியையும் உயர்த்துங்கள், மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் அடக்கவிலையை வசூலியுங்கள், ரூபாயின் மதிப்பைப் படிப்படியாகச் சந்தையின் போக்கில் விடுங்கள், ஏழைகளுக்கான பாதுகாப்பு வலையைப் பலப்படுத்துங்கள் என்று வரிசையாகத் தெரிந்திருக்கும். பிறகு வந்த இரண்டு ஆண்டுகளில் இலங்கை மக்கள் பட்ட வரி உயர்வும் மின் கட்டண உயர்வும் அந்தப் பக்கங்களிலேயே இருந்தன.

அடுத்து முதல் அட்டவணை. இதில்தான் உட்கார வேண்டும்.

அட்டவணையைப் பென்சிலோடு படிப்பது

‘செலக்டட் எகனாமிக் இண்டிகேட்டர்ஸ்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் முழுக்க எண்கள் இருக்கும். மேலே ஆண்டுகள் வரிசையாக ஓடும். எந்த ஆண்டு வரை நடந்தது, எந்த ஆண்டிலிருந்து கணிப்பு என்று பிரித்து ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது நடந்த கணக்கு, வலப்பக்கம் இருப்பது மதிப்பீடும் எதிர்பார்ப்பும். இந்த ஒரு கோடு பல குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

எல்லா வரிசைகளும் வேண்டாம். அரசின் வருவாயில் தொடங்குங்கள். அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (ஜிடிபி) எத்தனை சதவீதம் என்று தரப்பட்டிருக்கும். இலங்கையில் 2019 டிசம்பர் முதல் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்றுமுதல் இருந்தாலே வாட் பதிவு கட்டாயம் என்றிருந்ததை 30 கோடி ரூபாய் என்று உயர்த்தினார்கள். வரி கட்டியவர்களில் பெரும்பகுதியினர் ஒரே வீச்சில் வரி வலையைவிட்டு வெளியே போனார்கள். சில மாதங்களில் கொரோனா வந்தது. வரி வருவாய் ஜிடிபியில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்கு இறங்கியது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் நிதிப் பற்றாக்குறை 10 சதவீதத்தைத் தாண்டியது. பொதுக் கடன் 2019-இல் 94 சதவீதமாக இருந்தது, 2021-இல் 119 சதவீதமாகும் என்று நிதியம் மதிப்பிட்டது. அட்டவணையில் இவை மூன்றும் வெவ்வேறு வரிசைகள். மேலிருந்து கீழாக விரலை ஓட்டினால் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போவது தெரியும்.

பற்றாக்குறையில் இரண்டு வகை இருப்பதைக் கவனியுங்கள். மொத்தப் பற்றாக்குறையிலிருந்து வட்டிச் செலவைக் கழித்தால் கிடைப்பது முதன்மைப் பற்றாக்குறை. பழைய கடனின் வட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த ஆண்டு அரசு தன் வரவுக்குள் வாழ்கிறதா என்பதை அது காட்டும். கடன் ஏறுமா இறங்குமா என்று அறிய இதுவே முக்கியம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டின் உற்பத்தி 100, கடனும் 100 என்று வையுங்கள். விலைவாசி உயர்வையும் சேர்த்து உற்பத்தி 8 சதவீதம் வளர்ந்தால் அடுத்த ஆண்டு 108. கடனுக்கு வட்டி 10 சதவீதம் என்றால் கடன் 110. கடன் விகிதம் கிட்டத்தட்ட 102 ஆகிவிட்டது. அரசு புதிதாக ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்கவில்லை, இருந்தும் கடன் விகிதம் ஏறிவிட்டது. வரவில் 2 ரூபாய் மிச்சம் பிடித்திருந்தால் கடன் 108-இல் நின்று, விகிதம் 100-ஆகவே இருந்திருக்கும். அந்த 2 ரூபாய்தான் முதன்மை உபரி. 2023 மார்ச் 20 அன்று ஏறத்தாழ 300 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு நிதியம் ஒப்புதல் தந்தபோது, 2025-க்குள் ஜிடிபியில் 2.3 சதவீத முதன்மை உபரி காட்ட வேண்டும் என்று இலங்கைக்கு இலக்கு வைத்ததன் பொருள் இதுதான். அந்த உபரி எங்கிருந்து வந்தது என்பதை வாட் வரி சொல்லும். 8-இல் இருந்த வரி 2022-இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது.

அடுத்து அந்நியச் செலாவணிக் கையிருப்பு. டாலரிலும், எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்றும் தந்திருப்பார்கள். மூன்று மாதம் என்பது பழைய தோராயக் கணக்கு. அதற்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். ஆனால் மொத்தக் கையிருப்பு வேறு, எடுத்துச் செலவழிக்கக்கூடிய கையிருப்பு வேறு. அடிக்குறிப்பில் இந்த வேறுபாடு ஒளிந்திருக்கும். 2021 இறுதியில் இலங்கையிடம் சுமார் 310 கோடி டாலர் இருந்ததாகக் கணக்கு. சீன மத்திய வங்கியின் 1,000 கோடி யுவான் பரிமாற்ற வசதியும், அதாவது இரு மத்திய வங்கிகளும் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும், அதற்குள் அடக்கம். நிபந்தனை காரணமாக அதைத் தொட முடியவில்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலரைவிடக் குறைந்துவிட்டதாக நிதி அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள்.

யாருடைய கடன்?

இந்தியாவைப் பற்றிய அறிக்கையைப் படிக்கும்போது ஒரு சிக்கல் வரும். மத்திய அரசின் பட்ஜெட்டில் காணும் கடன் விகிதம் 50 சதவீதச் சொச்சத்தில் இருக்கும். நிதியத்தின் அட்டவணையில் 80-ஐ ஒட்டி இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. நிதியம் ‘ஜெனரல் கவர்ன்மென்ட்’ என்று சொல்வது மத்திய அரசையும் மாநிலங்களையும் சேர்த்து. தமிழ்நாடு அரசு வாங்கும் கடனும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு எண்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டும் ஒரே அரசைப் பற்றியவையா என்று பாருங்கள்.

அடிப்படைக் கணிப்பும் மோசமான கற்பனையும்

2023 டிசம்பரில் நடந்ததை ஒவ்வொரு புதியவருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தியா பற்றிய அந்த ஆண்டின் அறிக்கை வெளியானதும், ‘இந்தியாவின் கடன் ஜிடிபியில் 100 சதவீதத்தைத் தாண்டும், ஐ.எம்.எஃப். எச்சரிக்கை’ என்று தலைப்புகள் வந்தன. அறிக்கையில் இருந்தது வேறு. கடந்த காலத்தில் இந்தியா சந்தித்ததைப் போன்ற அதிர்ச்சிகள் மீண்டும் வந்தால், 2027-28 வாக்கில் மத்திய, மாநிலக் கடன் 100 சதவீதத்தைத் தாண்டக்கூடும் என்பது ஒரு பாதகமான சூழலுக்கான கணக்கு. சாதகமான சூழலில் அதே காலத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கலாம் என்றும் அதே அறிக்கை காட்டியது. டிசம்பர் 22 அன்று நிதி அமைச்சகம் இதைச் சுட்டிக்காட்டி விளக்கம் கொடுத்தது. 2020-21-இல் 88 சதவீதம் வரை போன கடன் 2022-23-இல் 81 சதவீதத்துக்கு இறங்கியதையும், அதில் பெரும்பகுதி ரூபாய்க் கடன் என்பதையும் நினைவூட்டியது.

இதில் அமைச்சகம் சொன்னது சரியா, செய்தித்தாள் சொன்னது சரியா என்று கேட்டால், நீங்களே பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்பேன். கடன் தாங்குதிறன் ஆய்வு என்று ஒரு பின்னிணைப்பு இருக்கும். அதில் ‘பேஸ்லைன்’ என்ற சொல் எங்கே வருகிறதோ அது நிதியம் எதிர்பார்க்கும் பாதை. மற்றவை எல்லாம் ‘இப்படி நடந்தால்’ என்ற கேள்விகளுக்கான விடைகள். அந்தக் கேள்விகளும் பயனுள்ளவையே. ஒரு நாடு எந்த அடிக்குத் தாங்காது என்பதை அவைதாம் சொல்கின்றன. ஆனால் இரண்டையும் ஒரே குரலில் படிக்கக் கூடாது.

இந்தப் பின்னிணைப்பில்தான் ‘சஸ்டெய்னபிள்’ (தாங்கக்கூடியது), ‘அன்சஸ்டெய்னபிள்’ (தாங்க முடியாதது) என்ற தீர்ப்பும் வரும். இரண்டாவது சொல்லை நிதியம் எளிதில் எழுதாது. கடன் மறுசீரமைக்கப்பட வேண்டும், அதாவது கொடுத்தவர்கள் தொகையையோ வட்டியையோ தவணையையோ தளர்த்த வேண்டும் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. தாங்க முடியாத கடன் உள்ள நாட்டுக்கு, அதைச் சீராக்கும் வழி தெரியாமல் நிதியம் கடன் தர முடியாது.

அரசு என்ன பதில் சொன்னது

ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் ‘அத்தாரிட்டீஸ் வியூஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். நாட்டின் அரசும் மத்திய வங்கியும் எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள் என்பது அங்கே பதிவாகிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அறிக்கையிலேயே சுவையான இடம் இதுதான். மேலே சொன்ன அதே 2023 அறிக்கையில், 2022 டிசம்பர் முதல் 2023 அக்டோபர் வரை ரூபாயின் மாற்று விகிதம் சந்தையே தீர்மானிக்கும் மிதக்கும் முறையிலிருந்து, ஏறக்குறைய ஒரே அளவில் நிறுத்திவைக்கும் நிலைப்படுத்தப்பட்ட முறைக்கு மாறியதாக நிதியம் வகைப்படுத்தியது. இந்தியத் தரப்பு அதை வன்மையாக மறுத்தது. உள்நாட்டில் எந்த மேடையிலும் இவ்வளவு நேராக நடக்காத விவாதம் அந்தப் பத்திகளில் நடக்கிறது.

அறிக்கையின் கடைசியில், நிர்வாகக் குழுவில் அந்த நாட்டுக்காக அமரும் இயக்குநரின் உரை என்று ஓர் இணைப்பு இருக்கும். அது அந்த நாட்டின் சார்பில் எழுதப்படுவது. 25 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூடான் நான்கு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே இருக்கை. அமெரிக்காவுக்கு வாக்குகளில் ஏறத்தாழ 16.5 சதவீதம், இந்தியாவுக்குச் சுமார் 2.6 சதவீதம். இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிட்டு நிதியத்தின் அறிவுரைகளைப் படிப்பது முழுமையான படிப்பாகாது.

செய்திக் குறிப்பில் இயக்குநர்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதும்போது, எத்தனை பேர் என்பதற்கு ஒரு குறிமொழி வைத்திருக்கிறார்கள். ‘எ ஃபியூ’ என்றால் 2 முதல் 4 பேர். ‘சம்’ என்றால் 5 அல்லது 6. ‘எ நம்பர் ஆஃப்’ என்றால் 6 முதல் 9. ‘மெனி’ என்றால் 10 முதல் 15. ‘மோஸ்ட்’ என்றால் 15 அல்லது அதற்கும் மேல். சாதாரண ஆங்கிலம்போல் தெரியும் ஒரு வாக்கியத்துக்குள் ஒரு வாக்கெடுப்பே நடந்து முடிந்திருக்கும். பட்டியலை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எண்கள் எவ்வளவு நம்பகமானவை

நாட்டின் புள்ளிவிவரத் தரத்துக்கும் நிதியம் இப்போது ஏ முதல் டி வரை மதிப்பெண் போடுகிறது. 2025 நவம்பரில் வெளியான இந்திய அறிக்கையில், ஜிடிபியைக் கணக்கிடும் தேசியக் கணக்குகளுக்கு ‘சி’ கிடைத்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 2011-12 என்ற பழைய அடிப்படை ஆண்டும் அதற்கு ஒரு காரணம். மதிப்பெண் குறைவு என்றால் எண் போலி என்று பொருளில்லை. கண்காணிப்புக்கு இடையூறாகும் அளவுக்குக் குறைகள் இருக்கின்றன என்று பொருள். வளர்ச்சி விகிதத்தை மேற்கோள் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை.

நிதியத்தின் சொந்தக் கணிப்புகளையும் சோதியுங்கள். இதற்கு எளிய வழி, அதே நாட்டின் பழைய அறிக்கையை எடுத்து, அதில் கணிப்பாக இருந்த ஆண்டைப் புதிய அறிக்கையில் நடந்த கணக்கோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சிறிதளவு வளரும் என்று கணித்தார்கள். நடந்தது 7 சதவீதத்துக்கும் மேலான சரிவு. கடனைப் பற்றிய தீர்ப்பு சரி, வளர்ச்சிக் கணிப்பு தவறு, இரண்டும் ஒரே அறிக்கையில். 2008 நிதி நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க வங்கிகளின் ஆபத்தை நிதியம் காணத் தவறியதை, அதன் சுயேச்சை மதிப்பீட்டு அலுவலகமே 2011-இல் எழுதியது. எல்லாரும் ஒரே மாதிரி யோசித்ததையும் ஒரு காரணமாகச் சொன்னது. பெரிய நாடுகளைப் பற்றி எழுதும்போது மென்மையும் சிறிய நாடுகளைப் பற்றி எழுதும்போது கண்டிப்பும் இருக்கிறதா என்று நானும் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்கிறேன்.

படித்த பிறகு

ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தொடர்ந்து மூன்று ஆண்டு அறிக்கைகளைப் படியுங்கள். வருவாய், முதன்மைப் பற்றாக்குறை, கடன், கையிருப்பு நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பிறகு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும் ‘வேர்ல்டு எகனாமிக் அவுட்லுக்’, ‘ஃபிஸ்கல் மானிட்டர்’ வெளியீடுகளில் அந்த நாட்டுக்கான வரிசையைத் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள். எண் மாறியிருந்தால் ஏன் மாறியது என்று அந்த நாட்டின் பட்ஜெட் ஆவணத்திலும் மத்திய வங்கியின் ஆண்டறிக்கையிலும் பார்க்கலாம். இலங்கையின் மத்திய வங்கி ஆண்டறிக்கை தமிழிலும் வருகிறது என்பது அங்குள்ள வாசகர்களுக்குப் பெரிய உதவி.

விடை கிடைக்காத கேள்வியை விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் 2005-இலும் இலங்கையில் 2016-இலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. மாநில அரசு கொடுத்த உத்தரவாதக் கடன் எவ்வளவு, பொதுத்துறை நிறுவனத்தின் நட்டம் எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது, வரிச்சலுகையால் போன வருவாய் எவ்வளவு என்று அட்டவணையில் உள்ள வரிசையின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பக்க எண்ணோடு கேளுங்கள்.